விளம்பரம் தருவோம்... விலாசம் தரமாட்டோம்!

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் புரட்டுவது நம் வகுப்பு குரூப் போட்டோ இருக்கும் பக்கத்தைத்தான். அடுத்து கவிதை, ஜோக்ஸ், துறைச் செய்திகள். கடைசிப் பக்கங்களில் யாரும் நிற்பதில்லை. அங்கேதான் "வாழ்த்துகளுடன்" என்று போட்டு ஜெராக்ஸ் கடை, ஹார்டுவேர் கடை, மெஸ், லேத் பட்டறை என்று விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். அவர்கள் பணம் தந்தார்கள். நாம் அரைப்பக்கமோ முழுப்பக்கமோ இடம் தந்தோம். அதோடு கணக்கு முடிந்தது. "இந்த மலரை வாங்குகிற பசங்க யார் யார்? அவங்க வீட்டு நம்பர் என்ன? அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று ஒரு கடைக்காரரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

ஆனால் சிம்போசியம் என்று வந்தால் மட்டும் இதே கேள்வியைச் சில ஸ்பான்சர்கள் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். நாமும் சிரிக்காமல், "கொடுக்கலாமா?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்!

என் கருத்தை ஒளிவுமறைவின்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சிம்போசியத்துக்கு வருகிறவர்களின் பட்டியலை எந்த ஸ்பான்சருக்கும், எவ்வளவு பணம் தந்தாலும், நாம் தரக்கூடாது. ஏன் தரக்கூடாது, தராமலே விழாவை எப்படி நடத்துவது என்ற இரண்டையும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னோடு சண்டை போட வருகிறவர்கள் கேன்டீனுக்கு வரலாம். டீ செலவு உங்களுடையது!

கேட்பவர்கள் யார்?

இரண்டு ஆண்டுகளாகப் பதிவுக் குழுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம்மிடம் வரும் ஸ்பான்சர்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் ஊர்க்காரர்கள். பட்டறை முதலாளி, புத்தகக் கடைக்காரர், நம் முன்னாள் மாணவர்கள் சிலர். "பேனரில் கடை பேரைப் பெரிசாப் போடுங்க தம்பி" என்பதோடு சரி. இரண்டாவது வகையினருக்கு பேனர் முக்கியமில்லை. கம்ப்யூட்டர் டிசைன் கோர்ஸ் நடத்தும் சென்டர்கள், வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்சிகள், டிப்ளமோ முடித்தவர்களை பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்க ஆள் தேடும் கன்சல்டன்சிகள். இவர்களுக்கு ஒரு சீட் நிரம்பினால் கமிஷன். இறுதியாண்டு டிப்ளமோ மாணவர்கள் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் சேரும் நாள் இவர்களுக்கு மீன் சந்தை மாதிரி. அந்தக் கூட்டத்தின் பெயரும் நம்பரும் ஒரே எக்செல் ஷீட்டில் கிடைத்தால் வலை போட வேண்டிய வேலைகூட இல்லை!

போன வருடம் அப்படி ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். இருபதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். நமக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. கடைசியில்தான் நிபந்தனை வந்தது. "தம்பி, ரெஜிஸ்டர் பண்ணவங்க லிஸ்ட்டை மட்டும் அனுப்பிடுங்க. பேரு, பிராஞ்ச், இயர், செல் நம்பர், பேரன்ட்ஸ் நம்பர், சொந்த ஊர். அவ்வளவுதான். லிஸ்ட் வந்த அடுத்த நிமிஷம் பணம் ஏறிடும்."

கமிட்டியில் இரண்டு சாயங்காலம் விவாதம் நடந்தது. "இதுல என்னடா இருக்கு, வெறும் நம்பர்தானே?" என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்கு மனது ஒப்பவில்லை. கடைசியில் லிஸ்ட் தருவதில்லை என்று முடிவானது. அந்த நிறுவனம் வெறும் பேனருக்கு எட்டாயிரத்தோடு நிறுத்திக்கொண்டது. அதன் விளைவு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரியாணி என்று அறிவித்திருந்த மதியச் சாப்பாடு சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் ஆனது. "ஏமாத்திட்டீங்கடா!" என்று திட்டியவர்களுக்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை. இந்தக் கட்டுரையைப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அன்று கமிட்டியில் நான்கு பேர் மாறி உட்கார்ந்திருந்தால் முடிவும் மாறியிருக்கும். இப்படிப்பட்ட விஷயம் அந்தந்த வருடத்துக் கமிட்டியின் மனசாட்சியை நம்பி இருக்கக்கூடாது. சங்கத்தின் விதியாக இருக்க வேண்டும்.

"வெறும் நம்பர்தானே?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பையன்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்போம், இரண்டு வார்த்தை திட்டுவோம், வைத்துவிடுவோம். எல்லோர் வீட்டிலும் அப்படி இல்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்குப் பேப்பர் பிரசன்டேஷனுக்குப் போய்ப் பரிசும் வாங்கி வந்தாள். அங்கே ஃபார்மில் அவள் நம்பர், அப்பா நம்பர் இரண்டும் கட்டாயம். பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. அந்த கோர்ஸ், இந்த காலேஜ் என்று பகலெல்லாம் அழைப்பு. அவளுக்கு வந்ததில் ஒரு குரல், இரண்டாவது முறை கோர்ஸைப் பற்றிப் பேசவில்லை, "எங்க இருக்கீங்க, தனியாவா?" என்று கேட்டது. அப்பாவுக்கும் தினம் நாலு போன். அவருக்கு கோர்ஸும் புரியவில்லை, கன்சல்டன்சியும் புரியவில்லை. தன் மகளின் பெயரை முன்பின் தெரியாத ஆண்கள் சொல்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. "பரிசு வாங்குனதெல்லாம் போதும்மா. இனிமே வெளி காலேஜுக்கெல்லாம் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அந்த வருடம் அவள் வேறு எங்கும் போகவில்லை. எங்கள் டீமில் டிசைன் கணக்கு போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் நம்பர் எந்த வழியாகப் போனது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. சைக்கிள் திருடு போனால் ஸ்டாண்டில் இடம் காலியாகத் தெரியும். நம்பர் திருடு போனால் அது நம்மிடமும் இருக்கும், திருடினவனிடமும் இருக்கும், அவன் விற்ற பத்துப் பேரிடமும் இருக்கும். ஒருமுறை வெளியே போன லிஸ்ட்டைத் திரும்ப வாங்க முடியாது.

இன்னொன்று. யாரோ ஒருவன் போன் பண்ணி, "உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றால் நாம் நம்ப மாட்டோம். அதே ஆள் நம் பெயர், பிராஞ்ச், இயர் எல்லாம் சொல்லி, "போன மாசம் அந்த சிம்போசியத்துல கலந்துக்கிட்டீங்க இல்ல, அதுல உங்க பெர்ஃபார்மன்ஸ் பார்த்துதான் செலக்ட் பண்ணியிருக்கோம். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் அனுப்புங்க" என்றால்? நம்மில் எத்தனை பேர் நம்பாமல் இருப்போம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஏமாற்றுபவனுக்குத் தேவையான சாவி நம் வங்கி பாஸ்வேர்டு மட்டுமல்ல. நம்மைப் பற்றிய நாலு சரியான விவரம் இருந்தாலே கதவு திறந்துவிடும். (அப்படிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.)

டூல் ரூம் டோக்கன்

பட்டறை வகுப்புக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். டூல் ரூமில் டோக்கனைக் கொடுத்து வெர்னியர் காலிப்பர் வாங்குகிறோம். எதற்கு? அன்றைய ஜாபை அளக்க. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்கிறோம். அந்த வெர்னியரை வெளியே ஒரு பட்டறைக்கு வாடகைக்கு விட்டு, வந்த காசில் பார்ட்டி வைத்தால் இன்ஸ்ட்ரக்டர் சும்மா விடுவாரா? "சார், பத்திரமாத்தான் திருப்பிக் கொண்டுவந்துட்டேன், தேயக்கூட இல்ல" என்று சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

சிம்போசியத்துக்கு வருகிற மாணவன் தன் பெயரையும் நம்பரையும் நம்மிடம் தருவதும் இதே மாதிரிதான். எதற்குத் தருகிறான்? சான்றிதழில் பெயர் சரியாக வர, ஹால் மாறினால் தகவல் சொல்ல, எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கணக்குப் பார்க்க. அந்த வேலைக்காக மட்டும் கை மாறிய பொருள் அது. நம் கையில் இருப்பதால் நம் சொத்து ஆகிவிடாது. சொத்தே இல்லாததை விற்க நாம் யார்? அதுவும் சங்கத்தின் பெயரில்!

வேறு கல்லூரியிலிருந்து பஸ் ஏறி, ஓ.டி. லெட்டர் வாங்கி, கைக்காசு போட்டு வருகிற நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவன் நம்மை நம்பித்தான் வருகிறான். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பையைத் திறந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பட்டியல் வாசிப்பது எந்த ஊர் விருந்தோம்பல்?

"பெயர் வேண்டாம், மற்றது தாருங்கள்"

சில ஸ்பான்சர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். "சரி, பேரும் நம்பரும் வேண்டாம். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு, பிராஞ்ச் மட்டும் கொடுங்க. சும்மா ஆராய்ச்சிக்கு" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். கட்டுக்கதை இல்லை.

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்காக வெளியிட்டார்கள். பிறந்த தேதி, பாலினம், தபால் குறியீடு ஆகியவை அதில் இருந்தன. மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட், யாருடைய அந்தரங்கமும் வெளியாகாது என்று உறுதி சொன்னார். லடான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதி அந்த ஊரில் ஆறு பேருக்குத்தான் இருந்தது. அதில் மூன்று பேர் ஆண்கள். ஆளுநரின் தபால் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். உறுதி சொன்ன ஆளுநரின் மருத்துவப் பதிவே மாணவியின் கையில்! பிறகு 2000-இல் அவரே வெளியிட்ட ஆய்வில், இந்த மூன்று விவரங்கள் இருந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் காணும் வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார்.

நம் கதைக்கு வருவோம். மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேர் இருந்தால் மாணவிகள் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு. "மெக்கானிக்கல், மூன்றாமாண்டு, பெண், இந்தக் கல்லூரி" என்று நான்கு விவரம் தந்தால் பெயர் தந்ததற்குச் சமம்தானே! இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். நம் வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இன்னொரு பாடமும் உண்டு. 2018-இல் உலகமே பேசிய கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரம். ஃபேஸ்புக்கில் ஒரு வினாடி வினா ஆப்பைச் சுமார் 3 லட்சம் பேர்தான் தாங்களாக முன்வந்து பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் வழியாக அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் உருவப்பட்டன. மொத்தம் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்த நண்பர்களை யாரும் கேட்கவே இல்லை. நம் ஊரில் டீம் லீடர் ஒருவனே நாலு பேர் விவரத்தையும் ஃபார்மில் நிரப்புகிறானே, அதுவும் இந்த ரகம்தான். "எல்லாருக்கும் சம்மதம்" என்று அவன் டிக் அடித்தால் மற்ற மூவருக்கும் சம்மதமா? தன் சம்மதத்தைத் தானேதான் தர முடியும். நண்பனுக்காக அட்டெண்டன்ஸ் போடலாம் (போடக்கூடாது!), சம்மதம் போட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பிறகு 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் முதலான முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் வகையில் அந்த அறிவிப்பு அமைந்தது.

சட்டத்தின் சாரத்தை நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ, அதாவது தமிழிலும், படிக்க வசதி தர வேண்டும். சம்மதம் வற்புறுத்தல் இல்லாமல், குறிப்பிட்ட காரியத்துக்காக மட்டும் இருக்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவைப்படாத விவரத்தைச் சம்மதம் என்ற பெயரில் கறக்கக்கூடாது. தந்த சம்மதத்தை எவ்வளவு சுலபமாகத் தந்தோமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். (நம் சங்கத்தின் கையிருப்பைப் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளவும்!)

இதில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கென்றே எழுதினாற்போல் ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் குழந்தை. அவர்கள் விவரத்தைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 15, 16 வயதில் இங்கே வருகிற நாம், மூன்றாமாண்டில் பாதியைத் தாண்டும்போதுதான் பலரும் பதினெட்டைத் தொடுகிறோம். மீசை முளைத்துவிட்டது என்பதற்காகச் சட்டம் நம்மைப் பெரியவர்கள் என்று சொல்வதில்லை! இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் நடத்தும் விழாவுக்கும் நாம் நடத்தும் விழாவுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் பட்டியலில் பாதிப் பெயர்கள் குழந்தைகளின் பெயர்கள்.

நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் இது தப்புதான். டூல் ரூமில் எந்தச் சட்டப்புத்தகமும் தொங்கவில்லையே!

"அப்போ பணத்துக்கு என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. மைக் செட், பந்தல், சாப்பாடு, ஷீல்டு எல்லாம் வாய்ப்பந்தலில் வராது. ஸ்பான்சர்களும் நம் எதிரிகள் அல்லர். போட்ட காசுக்கு நாலு பேருக்குத் தன் பெயர் தெரிய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது தப்பில்லை. அதை நாம் வேறு வழியில் தரலாம். பெரிய மாநாடுகளை ஒழுங்காக நடத்துகிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். நம் சங்கத்துக்கு நான் முன்வைப்பவை இவை:

1. ஃபார்மிலேயே தொடங்குவோம். பெயர், கல்லூரி, பிராஞ்ச், எந்தப் போட்டி, சைவமா அசைவமா, டீமுக்கு ஒரு நம்பர். போதும். பிறந்த தேதி எதற்கு? வீட்டு முகவரி எதற்கு? அப்பா நம்பர் எதற்கு? ஆதார் ஜெராக்ஸ் கேட்கவே கூடாது. நம்மிடம் இல்லாததை யாரும் நம்மிடம் கேட்க முடியாது. நம்மிடமிருந்து திருடவும் முடியாது.

2. ஸ்பான்சருக்கு ஸ்டால் போட இடம் தருவோம். நுழைவாயில் பக்கத்திலேயே தருவோம். அவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். விருப்பம் உள்ளவன் தானே போய், தன் கையால், தன் பெயரை எழுதட்டும். பெரிய மாநாடுகளில் பேட்ஜில் க்யூ.ஆர். கோடு இருக்கும். ஸ்டாலில் நீட்டினால் ஸ்கேன் ஆகும், நீட்டாவிட்டால் இல்லை. நீட்டுவதா வேண்டாமா என்பது பேட்ஜ் மாட்டியிருப்பவன் விருப்பம். நம்முடைய நோட்டு அதன் தாத்தா.

3. ஸ்பான்சர் சொல்ல விரும்பும் செய்தியை நாமே அனுப்புவோம். சான்றிதழ் பற்றிய தகவலோடு ஒரே ஒரு தடவை, "இவர்கள் நம் விழாவுக்கு உதவினார்கள், விவரம் இங்கே" என்று. செய்தி மாணவனுக்குப் போகும். மாணவன் நம்பர் ஸ்பான்சருக்குப் போகாது.

4. ஃபார்மில் "ஸ்பான்சர் என்னைத் தொடர்புகொள்ளலாம்" என்று ஒரு கட்டம் வைத்தே தீர வேண்டும் என்றால், அது காலியாக இருக்கட்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக்கூடாது. எந்த ஸ்பான்சர் என்று பெயர் சொல்ல வேண்டும். டிக் போடாதவனுக்குச் சான்றிதழ் இல்லை, பை இல்லை என்ற கதையெல்லாம் கூடாது. 18 ஆகாதவர்களுக்கு அந்தக் கட்டமே வேண்டாம்.

5. எண்ணிக்கை மட்டும் தருவோம். எத்தனை கல்லூரி, எத்தனை பேர், எந்தத் துறையில் எத்தனை. ஒரு பிரிவில் ஓரிருவர்தான் என்றால் அதைத் தனியாகக் காட்டாமல் மொத்தத்தில் சேர்த்துவிடுவோம். ஒழுங்கான நிறுவனத்துக்குத் தன் கணக்கில் காட்ட இது போதும்.

6. ஷீட்டைப் பூட்டுவோம். லிங்க் கிடைத்த எல்லோரும் திறக்கலாம் என்ற நிலையில் ஷீட் கிடக்கக்கூடாது. சங்கத்தின் மெயில் கணக்கில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் அடைத்து, எல்லோர் நம்பரையும் எல்லோருக்கும் காட்டும் பழக்கத்தையும் விடுவோம். ஸ்பான்சருக்குத் தராமல் ஊருக்கே தருவது அதைவிட மோசம்!

7. வேலை முடிந்ததும் அழிப்போம். சான்றிதழ் கொடுத்து 30 நாளில் நம்பர்களை அழித்துவிட்டு, அழித்ததைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதுவோம். பேப்பர் ஃபார்ம்களைக் கிழித்துத்தான் போட வேண்டும். பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று போண்டா மடித்துத் தருகிற காகிதத்தில் யாரோ ஒருவரின் மார்க் லிஸ்ட்டைப் படித்த அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

8. இதையெல்லாம் ஸ்பான்சருக்குத் தரும் கடிதத்திலேயே முதலில் எழுதிவிடுவோம். "பங்கேற்பாளர் பட்டியல் எவருக்கும் வழங்கப்படமாட்டாது" என்று ஒரு வரி. பணம் பேசின பிறகு மறுத்தால் மனஸ்தாபம். முதலிலேயே சொன்னால் மரியாதை.

"எல்லாரும் ஓடிடுவாங்க!"

இதுதான் நண்பர்கள் சொல்லும் கடைசி அஸ்திரம். சிலர் ஓடுவார்கள், மறுக்கவில்லை. போன வருடமே பார்த்தோம். ஆனால் லிஸ்ட்டுக்காக மட்டும் வருகிறவர் விழாவுக்கு வந்தவரே இல்லை, கொள்முதலுக்கு வந்தவர்.

இன்னொரு வாதமும் உண்டு. "போன் வந்தா நல்லதுதானே? வேலை வாய்ப்பு, மேல்படிப்பு பத்தித் தெரியும்ல?" இதிலும் உண்மை இருக்கிறது. என் சீனியர் ஒருவர் சிம்போசியத்தில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் போட்ட ஸ்டாலில் பேசித்தான் அப்ரன்டிஸ் வாய்ப்பைப் பிடித்தார். ஆனால் கவனியுங்கள்: அவரே போனார், அவரே கேட்டார், அவரே எழுதினார். அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது என்பதற்காக மற்ற நானூறு பேர் நம்பரையும் சேர்த்துத் தர வேண்டியதில்லை. வாய்ப்பு வேண்டுபவனுக்கு ஸ்டாலுக்கு நடக்க இருபது அடி தூரம், வேண்டாதவனுக்கு நிம்மதி.

குறையும் பணத்தை எப்படி ஈடுகட்டுவது? ஊர்க் கடைகளில் இன்னும் பத்துப் படி ஏறி இறங்க வேண்டும். முன்னாள் மாணவர்களைக் கேட்க வேண்டும். பதிவுக் கட்டணத்தில் பத்து ரூபாய் கூட்ட வேண்டியிருக்கலாம். ஷீல்டை நம் ஃபிட்டிங் ஷாப்பிலேயே செய்யலாம். மூன்று வருடம் ஃபைல் பிடித்துத் தேய்த்த கைகள் இதற்குக்கூட உதவாதா என்ன? எதுவும் முடியாவிட்டால் சாம்பார் சாதம் இருக்கவே இருக்கிறது. அதைச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாம் விருந்தாளியாகப் போகும்போது

கேட்கிற இடத்தில் மட்டுமல்ல, கொடுக்கிற இடத்திலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வேறு கல்லூரிக்குப் போகும்போது ஃபார்மில் தேவையில்லாத கட்டம் இருந்தால், "அண்ணே, இது எதுக்கு?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. "தெரியல, போன வருஷ ஃபார்ம்லயும் இருந்துச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கட்டாயம் என்று நட்சத்திரம் போடாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். நண்பனின் நம்பரை அவனைக் கேட்காமல் எழுதாதீர்கள். தோழியின் நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள், அவளே எழுதட்டும். விளம்பர அழைப்புகள் தொல்லை தாங்கவில்லை என்றால் 1909 என்ற எண்ணில் வேண்டாம் என்று பதிவுசெய்ய வழி இருக்கிறது. செய்யுங்கள். முழுதாக நிற்காவிட்டாலும் குறையும்.

தோழர்களே! இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். வாசகமும் தயார்: "நம் சங்கம் நடத்தும் எந்த நிகழ்ச்சியிலும் பங்கேற்பவர்களின் சொந்த விவரங்கள், அந்நிகழ்ச்சியை நடத்தத் தேவையான அளவுக்கு மட்டுமே பெறப்படும், எந்த ஸ்பான்சருக்கும் வழங்கப்படமாட்டாது, நிகழ்ச்சி முடிந்த 30 நாட்களுக்குள் அழிக்கப்படும்." வாசகத்தைத் திருத்த நினைப்பவர்கள் திருத்துங்கள். எதிர்க்க நினைப்பவர்கள் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். பேசாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மட்டும் வேண்டாம். முக்கியமாகத் தோழியர் வந்து பேச வேண்டும். நான் இங்கே இரண்டு பக்கத்தில் எழுதியதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் புரிய வைத்துவிடுவீர்கள்.

அடுத்த சிம்போசியத்துக்கு நான் இங்கே இருக்க மாட்டேன். டிப்ளமோவை முடித்துக்கொண்டு (அரியர் இல்லாமல் என்று நம்புவோம்!) ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டிருப்பேன். அன்று பதிவு மேசையில் உட்காரப்போகும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளே, வெளியூரிலிருந்து வருகிற ஒரு மாணவி உங்கள் ஃபார்மை வாங்கி, நம்பர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தி, "இதை யாருக்காவது கொடுப்பீங்களா?" என்று கேட்பாள். அவள் கண்ணைப் பார்த்து, "கொடுக்க மாட்டோம்க்கா" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தை உங்களுக்குத் தரும் தீர்மானத்தை இந்த வருடமே நிறைவேற்றிவிட்டுப் போவது எங்கள் பொறுப்பு.

சிந்திப்போம்... பொதுக்குழுவில் சந்திப்போம்!